விளிம்பில் முடிவாகும் தாவல்: மலை மிதிவண்டிப் பாய்ச்சலின் இயக்கமும் பயிற்சியும்

மலை மிதிவண்டியில் தாவுதல் என்பது, மண்ணாலோ மரப்பலகையாலோ எழுப்பப்பட்ட சரிவொன்றின் மீது வேகமாக ஏறி, அதன் விளிம்பில் நிலத்தை விட்டு நீங்கி, சிறிது தூரத்தைக் காற்றில் கடந்து, மறுபுறத்துச் சரிவில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒருசேரப் பதியும்படி இறங்குவதாகும். பார்ப்பவர் கண்ணும் புகைப்படக் கருவியும் நாடுவது இடையிலுள்ள காற்றுவெளிப் பகுதியைத்தான். ஆகவே கற்கத் தொடங்குவோரும் திறமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று எண்ணிக் கைப்பிடியை மேலே இழுப்பதிலும், பறக்கும்போது உடலை எப்படி வைத்துக்கொள்வது என்பதிலும் கவனத்தைச் செலவிடுகின்றனர். இயங்கியலும், உடலியக்கக் கல்வி பற்றிய ஆய்வுகளும், தேர்ந்த ஓட்டுநர்களின் வளர்ச்சி வரலாறும் இதற்கு மாறான ஒன்றைக் காட்டுகின்றன. தாவல் எவ்வளவு உயரும், எங்கே இறங்கும், வண்டியின் மூக்கு எந்த அளவு தாழும் என்பவை பெரும்பாலும் விளிம்பை விட்டு நீங்குவதற்கு முந்தைய கால் வினாடிக்குள் தீர்ந்துவிடுகின்றன. எனவே தாவலைத் திருத்த விரும்புவோர் முதலில் திருத்த வேண்டியது மண்ணின் மேல் தாம் செய்வதையே.

இத்திறன் மலை மிதிவண்டியோடு உடன்பிறந்ததன்று. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1976-இல் தொடங்கிய 'ரீபேக்' பந்தயங்களில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி முதலானோர் பழைய, கனத்த, பருத்த டயர் வண்டிகளை மலைப்பாதையில் இறக்கி ஓட்டினர். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோக, அதை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்ததாலேயே பந்தயம் அப்பெயர் பெற்றது. அங்கே வண்டியை மண்ணோடு பிடித்து வைத்துத் திருப்பங்களைக் கடப்பதே முதன்மைத் திறனாக இருந்தது. தாவல் வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. அதே 1970-களில் தென் கலிபோர்னியாவின் சிறுவர்கள், மோட்டார் சைக்கிள்களின் மோட்டோகிராஸ் பந்தயங்களைக் கண்டு, 20 அங்குலச் சக்கரம் கொண்ட சிறு மிதிவண்டிகளில் மண்மேடுகளைத் தாவிப் பழகினர். அதிலிருந்து பி.எம்.எக்ஸ். என்னும் விளையாட்டு பிறந்தது. அங்கே வளர்ந்த ஜான் டோமாக், பிரையன் லோப்ஸ் போன்றோர் பின்னர் மலை மிதிவண்டிக்கு மாறியபோது தாவும் பழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர். எதிர்த்திசைப் போக்குவரத்தும் நிகழ்ந்தது. மலைச்சரிவு இறக்கப் பந்தயத்தில் பலமுறை உலகப் பட்டம் வென்ற பிரான்ஸின் ஆன்-கரோலின் ஷோசோன், பி.எம்.எக்ஸ். முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 2008 பெய்ஜிங் போட்டியில் மகளிர் தங்கத்தை வென்றார். நால்வர் ஒருங்கே ஓடும் 'ஃபோர்கிராஸ்' பந்தயத்தில் 2005 முதல் 2007 வரை தொடர்ந்து உலகப் பட்டம் பெற்றிருந்த அமெரிக்காவின் ஜில் கின்ட்னர் அதே ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். சக்கரத்தின் அளவும் வண்டியின் எடையும் வேறுபட்டாலும் மண்மேட்டைப் படிக்கும் திறன் ஒன்றே என்பதற்கு இவ்விருவரைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1990-களின் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்து விஸ்லர் மலையில், பனிச்சறுக்குக்காக அமைந்த தூக்கிகள் கோடையில் மிதிவண்டிகளை உச்சிக்கு ஏற்றத் தொடங்கியதும் தாவல் கற்கும் முறையே மாறியது. அங்குள்ள 'ஏ-லைன்' பாதை, இயந்திரங்களைக் கொண்டு வழவழப்பாகச் செப்பனிடப்பட்ட தாவல்களை அடுத்தடுத்துக் கொண்டது. மேலே ஏறும் உழைப்பு இல்லாததால் ஒருவர் ஒரே நாளில் அதே தாவல்களைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செங்குத்துப் பாறைகளில் தொடங்கிய ரெட்புல் ராம்பேஜ் போட்டி உலகின் கண்ணைக் கவர்ந்தது உண்மையே. ஆயினும் சாதாரண ஓட்டுநரின் தாவல் திறன் பெருகியதற்கு அந்தச் செங்குத்துப் பாறைகளைவிட விஸ்லரைப் போன்ற மிதிவண்டிப் பூங்காக்களே பெரிய காரணம் என்று கொள்வது பொருந்தும்.

தாவல் வகைகளின் பெயர்களை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏறும் பகுதியை எழுசரிவு என்றும், அதன் மேல்நுனியை விளிம்பு அல்லது 'லிப்' என்றும், இறங்கும் பகுதியை இறங்குசரிவு என்றும் இங்கே குறிக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி மேசைபோல் மண்ணால் நிரப்பப்பட்டிருந்தால் அது 'டேபிள்டாப்'. வெற்றுப் பள்ளமாக இருந்தால் 'டபுள்'. இறங்குமிடம் எழுமிடத்தைவிட உயரமானால் 'ஸ்டெப்-அப்', தாழ்வானால் 'ஸ்டெப்-டவுன்', பக்கவாட்டில் திரும்பியிருந்தால் 'ஹிப்' என்பர். இறங்குசரிவை எட்டாமல் அதன் முனையில் பின்சக்கரம் மோதுவது 'கேஸ்' ஆதல். சரிவையும் தாண்டிச் சமதரையில் விழுவது 'ஓவர்ஷூட்'. டேபிள்டாப்பில் குறைவாகத் தாவியவர் மேசையின் மேல் உருண்டு போய்விடலாம். டபுளில் அதே குறை முன்சக்கரத்தைப் பள்ளத்துச் சுவரில் கொண்டு மோதும். கற்போருக்கு டேபிள்டாப் ஏன் உகந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா.

காற்றில் செல்லும் ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்த பொருண்மை மையம், எறிந்த கல்லைப் போலவே ஒரு பரவளைவில் செல்கிறது. 30 பாகை சாய்வில் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 29 கி.மீ. வேகத்தில் விளிம்பை விட்டு நீங்குபவர், எழுந்த மட்டத்திலேயே இறங்குவதாகக் கொண்டால் சுமார் 5.7 மீட்டர் தூரத்தை 0.8 வினாடியில் கடக்கிறார். உச்சியில் மையம் 0.8 மீட்டர் உயர்ந்திருக்கும். வேகம் 7 மீட்டராகக் குறைந்தால் தூரம் 4.3 மீட்டர், 9 மீட்டராகக் கூடினால் 7.2 மீட்டர். தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஓட்டத்தில் உணரக்கூட முடியாத மணிக்கு மூன்று நான்கு கி.மீ. வேறுபாடு, கேஸ் ஆவதற்கும் ஓவர்ஷூட் ஆவதற்கும் இடைப்பட்ட முழு வெளியையும் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் அனுபவம் மிக்கோர், புதிய தாவலை முயல்பவரை அதை அறிந்த ஒருவரின் பின்னால் அதே வேகத்தில் தொடர்ந்து செல்லச் சொல்கின்றனர். வேகத்தைச் சரிவின் அடியிலேயே முடிவு செய்துகொண்டு, எழுசரிவின் மேல் பிரேக்கைத் தொடாமல் இருப்பதே இதன் மறுபாதி. கடைசி நொடியில் அச்சத்தால் பிடிக்கப்படும் பிரேக், வேகத்தைக் குறைப்பதோடு உடலையும் கைகளின் மேல் தள்ளிவிடுகிறது.

எழுசரிவின் வளைவு பற்றிய புரிதலே இப்பொருளின் நெஞ்சம் எனலாம். சரிவு ஒரு வட்டத்தின் பகுதிபோல் வளைந்திருக்கும்போது, அதில் ஏறும் ஓட்டுநர் வெளிநோக்கி அழுத்தப்படுகிறார். 4 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஏறும்போது, விளிம்பருகே அவர் உணரும் எடை தம் இயல்பான எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. 70 கிலோ எடையுள்ளவரின் கால்கள் 175 கிலோவைச் சுமப்பது போன்ற நிலை அது. இதை எதிர்பாராதவரின் முழங்கால்கள் மடிந்துபோகின்றன. வண்டி மேலெழுவதற்குப் பதிலாக உடல் வண்டியை நோக்கித் தாழ்கிறது. எழுச்சிக்குரிய ஆற்றல் அங்கேயே கரைந்துவிடுகிறது. மேலும், வளைவில் ஏறும் வண்டி மேல்நோக்கிச் சுழன்றுகொண்டே செல்கிறது. மேற்சொன்ன அளவுகளில் அச்சுழற்சி வினாடிக்குச் சுமார் 115 பாகை.

இங்கேதான் சிக்கலான சிறு இடைவெளி தோன்றுகிறது. வண்டியின் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் 1.2 மீட்டர் எனக் கொண்டால், முன்சக்கரம் விளிம்பைக் கடந்த பின் பின்சக்கரம் கடக்க 0.15 வினாடி ஆகும். அந்நேரம் முழுவதும் முன்சக்கரத்துக்குத் தாங்கல் இல்லை. பின்சக்கரத்தை மட்டும் மண் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அத்தள்ளல் பொருண்மை மையத்துக்குப் பின்னால் நிகழ்வதால், வண்டியின் மூக்கைத் தாழ்த்தும் திருப்பமாக அது செயல்படுகிறது. வளைவிலிருந்து கிடைத்த மேல்நோக்கிய சுழற்சியும் இந்தக் கீழ்நோக்கிய திருப்பமும் ஒன்றையொன்று ஈடுசெய்து, எஞ்சுவது எதுவோ அதுவே காற்றில் வண்டியின் சுழற்சியாகிறது. வளைவே இல்லாத நேர்ப்பலகைச் சரிவில் மேல்நோக்கிய சுழற்சி கிடைப்பதில்லை; ஆகையால் அங்கே மூக்கு தாழ்கிறது. பலகையைச் செங்கல் மேல் சாய்த்து வைத்துத் தாவிப் பழகும் சிறுவர்கள் அடிக்கடி முன்புறமாகக் கவிழ்வதற்குக் காரணம் அவர்களின் அச்சமன்று, பலகையின் வடிவமே.

மூக்கு தாழ்வதே பிழையன்று என்பதையும் இங்கே கூற வேண்டும். 30 பாகை மேல்நோக்கி எழுந்த வண்டி, 25 பாகைச் சரிவில் இரு சக்கரமும் ஒருசேரப் பதிய இறங்க வேண்டுமானால், 0.8 வினாடிக்குள் மொத்தம் 55 பாகை முன்னோக்கித் திரும்பியாக வேண்டும். தேவை சுழற்சியை ஒழிப்பதன்று. அதன் அளவைத் தேர்வதே. மிகையானால் முன்சக்கரம் குத்துகிறது. குறைந்தால் பின்சக்கரம் முதலில் அடித்து முன்புறம் அறைந்து விழுகிறது.

இழுப்பதா, அழுத்துவதா என்ற நெடுநாளைய விவாதத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் முடிவு தெளிவாகிறது. ஓட்டுநர் கைப்பிடியை எவ்வளவு வலிந்து இழுத்தாலும் அது அவருக்கும் வண்டிக்கும் இடையில் நிகழும் உள்விசைதான். இருவரையும் சேர்த்து உயர்த்தக்கூடியது மண் சக்கரங்களின் மேல் செலுத்தும் எதிர்விசை ஒன்றே. அந்த எதிர்விசையைப் பெருக்க வேண்டுமானால் மண்ணை அழுத்த வேண்டும். எழுசரிவின் அடியில் இடுப்பையும் முழங்காலையும் அளவாக மடித்துத் தாழ்ந்து, வளைவின் மேற்பகுதியில் கால்களை நீட்டி மிதிகளின் வழியே வண்டியை மண்ணுக்குள் செலுத்துவது போல் அழுத்தி, பின்சக்கரம் விளிம்பைக் கடக்கும் கணத்தில் நீட்சி முடியும்படி அமைப்பதே 'பாப்' எனப்படும் எழுச்சி. இதன் பயன் வியப்புக்குரியது. வினாடிக்கு 1 மீட்டர் என்னும் செங்குத்து வேகம், நின்ற இடத்தில் குதிப்பவரை 5 செ.மீ. மட்டுமே உயர்த்தும், முன்பு கண்ட தாவலிலோ அதே கூடுதல் வேகம் உச்சியை 82 செ.மீ.யிலிருந்து 127 செ.மீ.க்கு ஏற்றிவிடுகிறது. ஆனால் உடல் இரண்டரை மடங்கு எடையோடு அழுத்தப்படும் அதே நேரத்தில் நீட்ட வேண்டியிருப்பதால், வலிமையைவிட நேரக்கணிப்பே இங்கு ஆள்கிறது. முந்தி நீட்டியவருக்கு விளிம்பில் கொடுக்க ஒன்றும் மீதமிருப்பதில்லை. பிந்தி நீட்டியவரின் கால்கள் காற்றை உதைக்கின்றன.

கைகளுக்கு வேலையே இல்லை என்பது இதன் பொருளன்று. கால்கள் அழுத்தும்போது இடுப்பு சற்றே பின்னோக்கிச் சென்று, கைப்பிடி இடுப்பை நோக்கி வர, முன்சக்கரம் தாங்கல் இழந்த 0.15 வினாடியில் மூக்கு விழாமல் நிற்கிறது. பின்னர் கைகள் முன்னோக்கி நீள, இடுப்பு வண்டியின் மேல் வருகிறது. சமதரையில் ஓடும் வண்டியை முதலில் முன்சக்கரமும் பின்னர் பின்சக்கரமும் எழும்படி தாவச் செய்யும் 'பன்னி ஹாப்' இதே அசைவைக் கொண்டது. அதைக் கற்காமல் பெரிய தாவலுக்குப் போகலாகாது என்று பயிற்றுநர் பலர் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பன்னி ஹாப்பில் எழுச்சி முழுவதையும் உடலே உண்டாக்குகிறது. எழுசரிவில் பெரும்பகுதியை மண் தருகிறது. செங்குத்தான விளிம்பில் முழு பன்னி ஹாப்பைச் செய்பவர் பின்புறமாகச் சாய்ந்து போவதுண்டு. ஆகவே தொடக்கநிலையில் எதையும் கூட்டாமல், உறுதியான கால்களோடு வளைவு தரும் எழுச்சியை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் பயிற்றுமுறையே ஏற்கத்தக்கது. எழுச்சியைக் கூட்டுவதைப் போலவே குறைப்பதும் ஒரு கலை. பந்தய ஓட்டுநர்கள் விளிம்பில் முழங்கால்களை வேண்டுமென்றே மடித்து மண்ணின் தள்ளலை உள்வாங்கித் தாழ்வாகப் பறந்து நேரத்தைச் சேமிக்கின்றனர்.

காற்றில் செய்யக்கூடியது சிறிதே. மொத்தச் சுழலுந்தம் மாறாது என்பதால், உடலையும் வண்டியையும் ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பிக்கொள்வது மட்டுமே ஓட்டுநர் கையிலுள்ளது. உடல் வண்டியைவிடப் பலமடங்கு எடையுள்ளதாகையால் கைகளை முன்னே தள்ளும்போது உடல் சிறிதும் வண்டி பெரிதும் திரும்புகின்றன. இதுவே இறங்குசரிவுக்கு இணையாக மூக்கைத் தாழ்த்தும் வழி. சுழலும் பின்சக்கரத்தைக் காற்றில் பிரேக்கிட்டால் அதன் சுழலுந்தம் சட்டகத்துக்கு மாறி மூக்கு சிறிது தாழும் என்பதும் உண்மை. தரையைத் தொடுமுன் பிரேக்கை விட்டுவிட வேண்டும். எழும்போதே விறைத்துப்போனவர், கைகால் நீட்டியபடி எந்தத் திருத்தமும் செய்ய இயலாமல் காற்றில் மிதந்து செல்வதை ஓட்டுநர்கள் 'டெட் செய்லர்' என்பர். அது காற்றில் தோன்றும் நோயன்று. விளிம்பில் சமமின்றி அழுத்தியதன் விளைவு காற்றில் வெளிப்படுவது.

இறங்குதலின் வன்மையை அளக்க, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மான்ட் ஹப்பார்டு, பனிச்சறுக்குத் தாவல்களுக்காக விரிவாக்கிய 'இணைவீழ்ச்சி உயரம்' என்னும் கருத்து மிதிவண்டிக்கும் பொருந்தும். இறங்கும் பரப்புக்குச் செங்குத்தான திசையில் உள்ள வேகம் மட்டுமே உடலை அடிக்கிறது. அவ்வேகத்தைப் பெற எவ்வளவு உயரத்திலிருந்து நேரே விழ வேண்டுமோ அதுவே இணைவீழ்ச்சி உயரம். முன்பு கண்ட தாவலில் சமதரையில் இறங்கினால் அது 80 செ.மீ.க்குச் சற்றுக் கூடும். 25 பாகைச் சரிவில் இறங்கினாலோ இரண்டு மூன்று செ.மீ.தான். பறந்த உயரமும் தூரமும் ஒன்றாகவே இருக்க, இறங்குமிடத்தின் சாய்வு மட்டும் ஓர் அடியை மெத்தையாக மாற்றிவிடுகிறது. 2014-இல் நார்வேயின் ஹாஃப்யெல் மலையில் நடந்த உலகப் போட்டியில் பிரிட்டனின் ஜாஷ் பிரைஸ்லண்டு, கடைசித் தாவலை மிகுவேகத்தில் கடந்து சமதரையில் விழுந்து பாதத்தை முறித்துக்கொண்டார். அவர் காலத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவருக்கே தப்ப வழியில்லாதபோது, ஓவர்ஷூட்டை லாவகத்தால் சமாளிக்கலாம் என்று கற்போர் நம்பலாகாது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இருக்கையைத் தாழ்த்த வேண்டும். இல்லையேல் கால்கள் மடிவதற்கு இடமில்லை. பின்புற அதிர்வுத்தாங்கி அமுங்கியபின் மீளும் வேகம் மிகையானால், விளிம்பில் அது பின்சக்கரத்தை உதறி எறிந்து மூக்கைக் குத்தச் செய்யும். தாங்கியிலுள்ள திருகைத் திருப்பி அவ்வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நீண்ட அமுக்கமுள்ள வண்டி கால்களின் அழுத்தத்தைத் தானே விழுங்கிக்கொள்வதால் அழுத்தத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும். காலணியைப் பூட்டும் மிதிகளில் இரு கால்களாலும் வண்டியை அப்படியே தூக்கிவிட முடியும். பிழையான அசைவு அதனால் மறைந்துபோகிறது. கற்பதற்குத் தட்டை மிதிகளே சிறந்தவை. தட்டை மிதிகளுடனேயே இறக்கப் பந்தயத்தின் உலகப் பட்டங்களை வென்ற ஆஸ்திரேலியாவின் சாம் ஹில், அவை தொடக்கநிலையாளருக்கு மட்டும் உரியவை என்ற எண்ணத்தையும் நீக்கியவர்.

பயிற்சியை எப்படி அமைப்பது என்ற வினாவில் உடலியக்க ஆய்வுகள் பயனுள்ள சிலவற்றைத் தருகின்றன. பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967-இல் முன்வைத்த பகுப்பின்படி, எண்ணி எண்ணிச் செய்யும் நிலை, பிழை குறைந்து இசையும் நிலை, எண்ணாமலே நிகழும் நிலை என மூன்று படிகளில் திறன் கைகூடுகிறது. விளிம்பின் 0.15 வினாடியில் எண்ணுவதற்கு இடமே இல்லையாதலால், மூன்றாம் படியை எட்டாத அசைவு அங்கே உதவாது. அதை ஆபத்தில்லாத இடத்தில் முன்பே எட்டியிருக்க வேண்டும். 'பம்ப் டிராக்' அதற்குரிய இடம். மிதிக்காமலே, சிறு மேடுகளின் இறக்கத்தில் அழுத்தியும் ஏற்றத்தில் இளக்கியும் வேகத்தைப் பெருக்கிச் சுற்றும் அந்த மண்வளையத்தில், ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான எழுசரிவுகளைக் கால்கள் சந்திக்கின்றன. பெரிய தாவலில் ஒரு நாள் முழுதும் கிடைக்காத எண்ணிக்கை அது.

1998-இல் காப்ரியேலே வுல்ஃபும் உடனாய்வாளர்களும் பனிச்சறுக்குப் பாவனைக் கருவியில் செய்த சோதனையில், தம் பாதங்களின் மேல் கவனம் வைத்தவர்களைவிடக் காலடியிலுள்ள சக்கரங்களின் மேல் கவனம் வைத்தவர்கள் நன்கு கற்றனர். தாவல் பயிற்றுநர்கள் சொல்லும் சொற்களை இவ்வொளியில் ஆராயலாம். "முழங்காலை நீட்டு" என்பதைவிட "மண்ணில் டயரை அழுத்து", "இறங்குசரிவின் நடுவைப் பார்" என்னும் கட்டளைகள் பயன் தருவது தற்செயலன்று. ஷியாவும் மார்கனும் 1979-இல் காட்டிய மற்றொரு முடிவை, அதாவது ஒரே பணியைத் தொடர்ந்து செய்வதைவிடப் பணிகளை மாற்றி மாற்றிச் செய்வதே நீடித்த கற்றலைத் தரும் என்பதை, இங்கே கவனத்தோடுதான் கையாள வேண்டும். மேசையருகே கையை அசைக்கும் சோதனையில் தவறுக்கு விலையில்லை. தாவலில் தவறுக்கு விலை எலும்பு. எனவே ஒரே தாவலில் வேகமும் எழுச்சியும் நிலைபெறும்வரை மாறாமல் பழகி, பின்னரே வடிவங்களை மாற்றுவது அறிவுடைமை. நுரைப்பஞ்சுக் குழிகளும் காற்றுமெத்தைகளும் சுழற்சிகளைப் பழகத் துணைசெய்கின்றன. ஆனால் பஞ்சுக் குழி இறங்குதலைக் கற்பிப்பதில்லை.

கைபேசிக் காணொளி இன்று மலிவான ஆசிரியராகியுள்ளது. வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் பதிவில் அந்த 0.15 வினாடிக்கு நான்கு அல்லது ஐந்து படங்களே கிடைக்கும். 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டப் பதிவில் 36 கிடைக்கும். கால்களை நீட்டியதாக உறுதியாக நம்பியவர், முழங்கால் மடிந்தே இருந்ததை அதில் காண்பது மிகப் பொதுவான அனுபவம்.

காயங்களைப் பற்றிய மிகத் தெளிவான பதிவுகளுள் ஒன்று விஸ்லரிலிருந்தே கிடைத்துள்ளது. 2009-ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்பூங்காவில் காயமுற்று அங்குள்ள மருத்துவ நிலையத்துக்கு வந்த 898 நேர்வுகளை ஆராய்ந்ததில், 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு எலும்பு முறிந்திருந்தது. அம்முறிவுகளில் நான்கில் மூன்று பங்கு கை, தோள் பகுதிகளில் நேர்ந்தவை. விழுபவர் கைகளை நீட்டித் தரையைத் தடுக்க முயல்வதும், மூக்கு குத்தும்போது கைப்பிடியின் மேலாக எறியப்படுவதும் இதற்குப் பொருந்தும் விளக்கங்கள். கைகால் சோர்ந்த மாலையில் "இன்னும் ஒரு முறை" என்று ஏறுவதை அனுபவமுள்ளோர் தவிர்ப்பதும் இதனாலேயே. சோர்ந்த கால்கள் வளைவின் அழுத்தத்தில் முதலில் மடிகின்றன.

மண்தாவல் மேடுகளில் கூடும் ஓட்டுநர்களிடையே ஒரு பழைய விதி உண்டு: மண் வெட்டாதவருக்குத் தாவல் இல்லை. உழைப்பில் பங்கு கேட்கும் விதியாகவே அது தோன்றியிருக்க வேண்டும். ஆயினும் கல்விக்கும் அது உதவுகிறது. ஈரமண்ணை அள்ளிக் கொட்டி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி, வளைவு எங்கே தொடங்கி எங்கே செங்குத்தாகிறது என்று குனிந்து பார்த்துச் சீவி எடுத்தவர், மறுநாள் அந்த எழுசரிவில் ஏறும்போது எந்த இடத்தில் அழுத்தம் கூடும், எந்த இடத்தில் கால் நீள வேண்டும் என்பதை முந்தைய நாளே தம் கைகளால் தொட்டு அறிந்திருக்கிறார்.